12 என்ற எண்ணுக்குள் ஒரு மாடி வீடு

அமெரிக்காவில் வெந்நீர்க் குழாய்களால் சூடேற்றும் வீடுகளில், பேஸ்மெண்ட்ல பாய்லர் பக்கத்துல ஒரு சின்ன எஃகு டேங்க் தொங்கும். பெரும்பாலும் கடையிலிருந்து வரும்போதே அதுக்குள்ள 12 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்று இருக்கும். ஏன் 12? இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

தண்ணீர் சூடானா விரியும். 100 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோனா, கிட்டத்தட்ட 2.7 லிட்டர் கூடுதல் இடம் கேட்கும். அந்த இடம் கிடைக்கலேன்னா அழுத்தம் ஏறி, குழாயோ பாய்லரோ உடையும்.

பழைய தீர்வு எளிமையானது: வீட்டின் உச்சியில், பரணில், ஒரு திறந்த தொட்டி. விரியும் தண்ணீர் அங்கே ஏறும், ஆறினதும் இறங்கும். ஆனா கடும் குளிர்ல அந்தக் குழாயே உறைஞ்சு போச்சுன்னா? விரியும் தண்ணீருக்கு வழி அடைபட்டுடும். கீழே நெருப்பு எரிஞ்சுக்கிட்டே இருக்கும்.

1831-ல் லண்டனில் ஏஞ்சியர் மார்ச் பெர்கின்ஸ் என்ற பொறியாளர், முழுக்க மூடிய குழாய் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். உச்சியில் காற்று நிரம்பிய ஓர் அகலக் குழாய். தண்ணீரை அழுத்திச் சுருக்குவது கஷ்டம், காற்று சுருங்கும்; அதான் சூட்சுமம். கட்டடக் கலைஞர் ஜான் சோன் தன் லண்டன் வீட்டில் இதைப் பொருத்தினார்.

பிறகு வந்த எஃகு டேங்குகளில் காற்றும் தண்ணீரும் ஒண்ணாவே இருந்தன. காற்று மெல்ல மெல்லத் தண்ணீரில் கரைஞ்சுடும். டேங்க் முழுக்க நீர். ஒவ்வொரு தடவை சூடாகும்போதும் பாதுகாப்பு வால்வு ஒழுகும். இரண்டுக்கும் நடுவே ரப்பர் தடுப்பு வந்ததும் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது.

இப்ப அந்த 12-க்கு வருவோம். 1 பி.எஸ்.ஐ. தண்ணீரைச் சுமார் 70 சென்டிமீட்டர் உயர்த்தும். 12-ன்னா 8.4 மீட்டர். பேஸ்மெண்ட்லேர்ந்து முதல் மாடி ரேடியேட்டர் வரைக்கும் போய், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். பரண் தொட்டியின் உயரம் செய்த வேலையை இப்போ காற்று செய்யுது, அவ்வளவுதான்.

அதனால் உயரமான வீட்டுக்கு 12 போதாது. காற்று குறைஞ்சா, குளிர்ந்த நீரே டேங்கை நிரப்பிடும். விரியறதுக்கு இடம் இருக்காது. இன்னொண்ணு: பாய்லரை ஆறவிட்டு, டேங்குப் பக்கம் நீரழுத்தத்தை முழுசா இறக்கின பிறகுதான் அளக்கணும். இல்லேன்னா கேஜ் காட்டுறது தண்ணீரின் அழுத்தத்தை. குளிர் நாட்டில் நண்பர்கள் இருந்தா, இதை அவங்களுக்கு அனுப்பி வைங்க. அடுத்த எபிசோடில் சந்திக்கிறேன்.