மணிக்கு விலை, பணிக்கு விலையில்லை: பினாங்கில் ஊதியமற்ற கூடுதல் வேலையும் சட்டமும்

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு ஜவுளிக்கடைக்குக் காசாளராக ஒரு பெண் வேலைக்குச் சேர்கிறார் என்று கொள்வோம். சில மாதங்களில் சக ஊழியர் ஒருவர் விலகிப் போக, அவர் பார்த்துவந்த சரக்குக் கணக்கு இவர் மேசைக்கு வருகிறது. பிறகு கடையின் முகநூல் பக்கமும், வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களும், தீபாவளி நெருங்கும்போது கிடங்கின் சாவியும் வந்து சேர்கின்றன. எல்லாம் அதே எட்டு மணி நேரத்துக்குள், அதே சம்பளத்துக்கு. ‘கொஞ்சம் பார்த்துக்கம்மா’ என்று சொன்னதோடு சரி. எழுத்தில் எதுவும் இல்லை. இவர் தொழிலாளர் இலாகாவுக்குப் போய் முறையிட்டால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார். முதலாளி எந்த விதியையும் மீறவில்லை என்பதே அதற்குக் காரணம்.

மலேசியச் சட்டம் உழைப்பை நேரத்தால் மட்டுமே அளக்கிறது. அந்த நேரத்துக்குள் எத்தனை வேலையைத் திணித்தாலும் அதற்குச் சட்டத்தில் விலை கிடையாது. கூடுதல் வேலை பற்றிய குறைகளை முதலாளியின் பேராசை, தொழிலாளியின் பயம் என்று குணக்கேடுகளாகப் பேசிப் பழகிவிட்டோம். இது குணத்தின் சிக்கலன்று, அளவுகோலின் சிக்கல் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60A பிரிவு, நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்றும் வாரத்துக்கு 45 மணி நேரம் என்றும் வரம்பு வைக்கிறது. வார வரம்பு 48 மணி நேரமாக இருந்தது, 1.1.2023 முதல் குறைந்தது. வரம்பைத் தாண்டினால் மணிக்கு ஒன்றரை மடங்கு ஊதியம். அதுவும் மாதத்துக்கு 104 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. இன்றைய குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை 26 நாளால் வகுத்தால் நாட்கூலி 65.38 ரிங்கிட். எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 8.17, மிகைநேரம் (ஓ.டி.) என்றால் 12.26. சென் வரைக்கும் கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் ஒருவர் தலையில் இரண்டு பேர் வேலை விழுந்து, அவர் பறந்து பறந்து அதை மாலைக்குள் முடித்துவிட்டால் அந்த உழைப்புக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. மெதுவாகச் செய்து இரவு ஒன்பது மணி வரை இருப்பவருக்காவது ஓ.டி. கேட்கும் உரிமை உண்டு. திறமைசாலிக்கு அதுவும் இல்லை! 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கோ சட்டப்படி ஓ.டி. கேட்கும் வழியே அடைபட்டுவிடுகிறது. ‘எக்சிகியூட்டிவ்’ என்ற பட்டத்தோடு சம்பளம் அந்தக் கோட்டைத் தாண்டும்போது பலர் எதை இழக்கிறார்கள் என்பதை அப்போது உணர்வதில்லை.

நேரத்தை அளக்கும் இந்த முறை தொழிலாளர் இயக்கங்கள் உலகெங்கும் போராடிப் பெற்றது, அதை இகழ்வதற்கில்லை. அதற்கு முந்தைய நிலையை பினாங்குத் தமிழர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? நாகப்பட்டினத்தில் கப்பலேறி இங்கே இறங்கியவர்களை செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்கள் ஒப்பந்தக் கூலிகளாக வாங்கிக்கொண்டன. அங்கே நாள் என்பது கடிகாரத்தில் முடிவதில்லை, ஒதுக்கிய பணி முடியும்போதே முடியும். முடியாத பணிக்குக் கூலி வெட்டு. ஒப்பந்தக்கூலி முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி வழியாக ஆள் திரட்டும் முறையும் 1938-இல் இந்திய அரசின் தடையோடு ஓய்ந்தது. பணியால் அளக்கும் பழக்கம் மட்டும் ரப்பர்த் தோட்டத்தில் தொடர்ந்தது. விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பில் பெயர் கொடுத்து, நிரையில் இறங்கிப் பால் வெட்டி, ஸ்டோரில் நிறுத்துக் கொடுக்கும்போது எடைதான் கூலி. அந்த எடைக்குப் பின்னால் கோப்பை துடைத்த மனைவியும், பள்ளிக்குப் போகுமுன் ஒட்டுப்பால் பொறுக்கிய பிள்ளையும் இருந்தார்கள். செக்ரோல் எனும் ஆள்பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லை. பணியை அளவுகோலாக வைத்தபோது ஊதியமில்லாத உழைப்பு குடும்பத்திலிருந்து வந்தது. நேரத்தை அளவுகோலாக வைத்தபோது அது தொழிலாளியின் வேகத்திலிருந்து வருகிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மூடப்பட்டும் போன காலத்தில், 1972-இல், பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வளாகம் திறந்தது. இன்டெல், ஹியூலெட் பேக்கர்ட், ஹிட்டாச்சி, பாஷ் என்று பன்னாட்டு நிறுவனங்கள் வந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறினார்கள். பினாங்கு அதனால் வளர்ந்தது என்பதை மறுப்பவர் எவருமில்லை. ஆனால் அந்த வாசல் திறப்பதற்குச் சற்று முன்னர் வேறொரு வாசல் சாத்தப்பட்டது. 1969 மே கலவரத்துக்குப் பின் வந்த அவசரகால ஆட்சியில், தொழிற்சங்கம் எதைப் பற்றிப் பேரம் பேசலாம் என்பதற்கே வேலி போடப்பட்டது. 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 13(3) பிரிவில் அது இன்றும் இருக்கிறது. கூட்டு ஒப்பந்தத்துக்கான முன்மொழிவில் சங்கம் சேர்க்கக்கூடாதவற்றின் பட்டியல் அது: பதவி உயர்வு, இடமாற்றம், ஆளெடுப்பு, ஆட்குறைப்பு, பணிநீக்கம். அந்தப் பட்டியலில் இன்னொன்றும் உண்டு. வேலை நிபந்தனைகளோடு ஒத்துப்போகும் வரையில், யாருக்கு எந்தக் கடமையை ஒதுக்குவது என்பது முதலாளியின் தனியுரிமை.

ஒத்துப்போகிறதா இல்லையா என்று முதலில் முடிவு செய்பவர் வேலை கொடுப்பவர்தான். 2021 முதல் நடப்பிலுள்ள திருத்தம், பணி ஒதுக்கீடு குறித்துப் பொதுத்தன்மையான கேள்விகளை எழுப்பச் சங்கத்துக்கு இடம் தருகிறது. கேள்வி எழுப்பலாம், அவ்வளவே.

சங்கம் பேச முடியாதபோது தொழிலாளர்கள் கூடி மறுக்கலாமே என்று தோன்றும். அதே சட்டம் வேலைநிறுத்தத்துக்குத் தரும் வரையறை அதற்கும் குறுக்கே நிற்கிறது. வேலையை நிறுத்துவது மட்டுமில்லை. வேலையோடு தொடர்புடைய கடமைகளில் ஏதேனும் ஒரு பகுதியைக் கூட்டாகக் குறைப்பதும் தாமதப்படுத்துவதும்கூட வேலைநிறுத்தமே. பிரிட்டனில் தொழிலாளர்கள் பலமுறை கையாண்ட, விதிப்படி மட்டும் வேலை செய்யும் போராட்டம் இங்கே சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். தனியாள் மறுத்தாலோ, கட்டளையை மீறிய ஒழுங்கீனம் என்று உள்விசாரணை வரும். 1988-இல் கேத்தே நிறுவனத்துக்கு எதிரான வோங் சீ ஹோங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழியைத் தெளிவாக்கியது: ஒப்பந்தத்தின் அடித்தளத்தையே முதலாளி உடைத்தால் தொழிலாளி தன்னைப் பணிநீக்கம் செய்யப்பட்டவராகக் கருதலாம். நல்ல தீர்ப்புதான். ஆனால் அதைப் பயன்படுத்த முதலில் வேலையை விட வேண்டும், 60 நாளுக்குள் மனுப் போட வேண்டும், அடித்தளம் உடைந்தது என்று மெய்ப்பிக்கவும் வேண்டும். வாடகை கட்ட வேண்டியவர் எத்தனை பேர் இதற்குத் துணிவார்கள்?

சட்டத்தைக் குறைசொல்லும் அதே மூச்சில் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். எள் என்றால் எண்ணெயாக நிற்பவரே நல்ல ஊழியர் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். பினாங்கிலுள்ள 28 தமிழ்ப்பள்ளிகளின் ஆசிரியர்களைக் கேளுங்கள். தரவுப் பதிவு, போட்டிகளுக்கு மாணவரை அழைத்துச் செல்வது, பள்ளிக்கு நிதி திரட்டுவது எல்லாம் கற்பித்தலோடு சேர்ந்தே வரும். முகம் சுளித்தால் ‘தமிழ்ப்பணி’ என்ற சொல் வந்து வாயை அடைக்கும். கோயிலிலும் சங்கத்திலும் மனமுவந்து செய்வது தொண்டு. சம்பளம் கொடுத்து வேலை வாங்கும் இடத்தில் அந்தப் பெயரைச் சூட்டுவது, என் பார்வையில், நாகரிகமான ஏய்ப்பு.

எதிர்வாதம் ஒன்றைத் தட்டிக்கழிக்க முடியாது. மூன்று நான்கு பேரை வைத்துக் கடை நடத்துபவர், ‘இது என் வேலையில்லை’ என்று ஒவ்வொருவரும் கைகட்டி நின்றால் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்பார். உண்மை. ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மற்றவர் கைகொடுப்பது எந்த ஒப்பந்தத்திலும் எழுதாமலே நடக்கும், நடக்கவும் வேண்டும். நான் பேசுவது வேறொன்று: காலியான இடத்துக்கு ஆளே எடுக்காமல், அந்த வேலையை இருப்பவர் தலையில் நிரந்தரமாக ஏற்றி, மிச்சமாகும் சம்பளம் முழுவதையும் நிறுவனமே வைத்துக்கொள்வது. இந்த வேறுபாட்டை அரசு அறியாததன்று. அரசுச் சேவையில் காலியான பதவியின் கடமைகளையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு ‘தங்கோங் கெர்ஜா’ என்ற படி உண்டு. அரசு தன் ஊழியருக்கு ஒப்புக்கொண்ட நியாயத்தைத் தனியார் துறை ஊழியருக்கு விதியாக்கவில்லை.

வழி எட்டாத தூரத்தில் இல்லை. 1957ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு ஒழுங்குவிதிகளின்படி, வேலையின் பெயர், சம்பள விகிதம், வழக்கமான வேலைநேரம், விலகல் முன்னறிவிப்புக் காலம் ஆகியவற்றை முதலாளி தொழிலாளிக்கு எழுத்தில் தர வேண்டும். பெயர் உண்டு, கடமைகள் இல்லை. முதன்மைக் கடமைகளையும் எழுத வேண்டும், வேறொரு பதவியின் வேலை குறிப்பிட்ட காலத்துக்கு மேல் நீடித்தால் புதிய சம்பளத்தோடு திருத்திக் கையொப்பமிட வேண்டும் என்று அதில் சேர்த்தால், மேலே சொன்ன காசாளருக்கு முதன்முறையாகக் காட்டுவதற்கு ஒரு தாள் கிடைக்கும். தொழிலியல் உறவுச் சட்டத்தின் 13(3) பிரிவைத் திருத்த நாடாளுமன்றம் வேண்டும். இதற்கு வேண்டாம், ஒழுங்குவிதிகளை வகுக்கும் அதிகாரத்தை வேலைவாய்ப்புச் சட்டத்தின் 102ஆம் பிரிவு அமைச்சரிடமே கொடுத்திருக்கிறது.