இழுபடும் எஃகுக்குள்

விரல் பருமனில் ஓர் எஃகுத் தண்டு. டூப்ளெக்ஸ் இனம், 1930 வாக்கில் ஸ்வீடனின் அவெஸ்டா ஆலையில் தலையெடுத்தது. ஃபெரைட், ஆஸ்டினைட் என்ற இருவகைப் படிகங்கள் ஏறத்தாழச் சரிபாதியாக இதில் பின்னிக் கிடக்கின்றன. சுமார் 1050 டிகிரி சூட்டிலிருந்து நீரில் அமிழ்த்தியதுமே உள்ளே இழுபறி தொடங்கிவிடுகிறது. குளிரும்போது ஆஸ்டினைட் கூடுதலாகச் சுருங்கப் பார்க்கும், ஃபெரைட் விடாது. ஆகவே ஆஸ்டினைட் இழுவிசையோடும் ஃபெரைட் அமுக்கத்தோடும் ஆறுகின்றன. வெளியிலிருந்து யாரும் இன்னும் இழுக்கவே தொடங்கவில்லை.

கடைசலில் நடுப்பகுதி மெலிந்து, முனைகளில் மரை ஏறிய தண்டு, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரிலுள்ள ஐசிஸ் ஆய்வகத்துக்குப் போகிறது. அங்கே ஒளியின் வேகத்தில் 84 சதவீதத்தை எட்டிய புரோட்டான்கள் டங்ஸ்டனில் மோத, நியூட்ரான்கள் தெறிக்கின்றன. எஞ்சின்-எக்ஸ் கருவியில் அவை சுமார் 50 மீட்டர் பறந்து வந்து தண்டை ஊடுருவுகின்றன. சாதாரண ஆய்வக எக்ஸ் கதிர் எஃகின் மேல்தோலோடு நின்றுவிடும்.

இழுவை எந்திரம் கற்றைக்கு 45 பாகையில் நிற்கிறது. இருபுறமும் உணர்விகள்: ஒரு பக்கம் இழுக்கும் திசையிலும் மறுபக்கம் குறுக்குத் திசையிலும் அணு அடுக்குகளின் இடைவெளியை அளக்கின்றன. 500 மெகாபாஸ்கல் அளவுக்கு இழுத்தாலும் அந்த இடைவெளி சராசரியாகக் கால் சதவீதம்தான் கூடும். அடுக்குகளில் பட்டுத் திரும்பும் நியூட்ரான்களின் விளிம்பு விளைவு முகடுகள் நகர்ந்து அதையும் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுக்குகள் நழுவி நிரந்தரமாக நீண்ட நீட்சி இந்த இடைவெளியில் பதிவதில்லை. எந்தப் படிகம் இன்னும் எவ்வளவு சுமக்கிறது என்பதே பதிகிறது. இந்த முறையை நான் இவ்வளவு மதிப்பது இதற்காகத்தான். வழக்கமான இழுவைச் சோதனை தண்டு முழுவதற்குமாக ஒரே வளைகோட்டைத் தரும். யார் சுமந்தார், யார் நழுவினார் என்பதெல்லாம் அதில் கரைந்துபோகும்.

இங்கே அது தனித்தனியாகத் தெரிகிறது. அணுக்கள் அடுக்கப்பட்ட கனசதுரத்தின் விளிம்புத் திசை இழுவைக்கு நேராக அமைந்த படிகமணிகள் அதிகம் நீள்கின்றன; மூலைவிட்டம் நேராக அமைந்தவை விறைத்து நிற்கின்றன. இரும்பில் இவ்விரு திசைகளின் விறைப்பு இரண்டு மடங்குக்கும் மேல் வேறுபடும். சுமை ஏற ஏற, ஏற்கெனவே இழுபட்டிருந்த ஆஸ்டினைட்தான் பெரும்பாலும் முதலில் விட்டுக்கொடுக்கிறது. சுமைக்கு எதிரே இடைவெளியை வரைந்தால், அதன் கோடு தட்டையாக வளையும் அதே கட்டத்தில் ஃபெரைட்டின் கோடு இன்னும் செங்குத்தாக ஏறுகிறது: சுமை கைமாறிவிட்டது. படிகங்களுக்குள் இடப்பெயர்வுகள் எனும் அடுக்குப் பிசகுகள் பெருக, முகடுகளும் அகன்றுகொண்டே போகின்றன.

தண்டு அறுந்த பிறகும் உடனே கைக்கு வராது. எஃகில் சிறிதளவு கோபால்ட் இருந்தாலும் நியூட்ரான் பட்டுக் கதிரியக்கம் ஏறியிருக்கும். அளந்து பார்த்துத்தான் வெளியே விடுகிறார்கள். அந்த முகடுகளின் எண்களோ அதற்கு முன்பே, ஒவ்வொரு படிகமணியையும் தனித்தனியே கணக்கிடும் கணினி மாதிரிகளைச் சோதிக்கப் போய்விடுகின்றன.