ஓட்டு வாங்கிய பெண்கள் எந்தப் படியில் ஏறினார்கள்?



"எலெக்‌ஷன்ல நிக்கறதெல்லாம் வசதி இருக்கறவங்களுக்கும் படிச்சவங்களுக்கும்தானுங்க, நமக்கெதுக்குங்க?" என்ற பேச்சு நம்ம குழுக் கூட்டங்களில் அடிக்கடி வருகிறது. அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள, நம்ம பக்கத்தில் ஓட்டு வாங்கிப் பதவிக்கு வந்த சில பெண்கள் அதற்கு முன்னால் என்ன வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்க்கலாம்.

முதலில் வசதி உள்ளவர்கள். திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்து மருமகள் ராதாபாய் சுப்பராயன். 1930இல் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனவர். 1938இல் டெல்லி மேல்சபைக்குத் தேர்வானார். அந்தச் சபைக்குள் போன முதல் பெண் அவர்தான். வெள்ளைக்காரன் காலத்தில் சொத்தோ படிப்போ இல்லாதவர்களுக்கு ஓட்டே கிடையாது. அப்புறம் பதவி எங்கே கிடைக்கும்?

அவருடைய மகள் பார்வதி கிருஷ்ணன். அப்பா சுப்பராயன் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தவர். மகள் ஆக்ஸ்போர்டில் படித்துவிட்டு வந்து கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். பஞ்சாலைத் தொழிலாளர்களோடும் நீலகிரி தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களோடும் சங்க வேலை பார்த்தார். பல்லடம் இன்றைக்கு இருக்கிற கோயம்புத்தூர் எம்.பி. தொகுதியில் 1957, 1974, 1977 என்று மூன்று தடவை ஜெயித்தார். நடுவில் தோல்வியும் பார்த்தார். ஜமீன் வீடு அவருக்குப் படிப்பைக் கொடுத்தது. ஓட்டைக் கொடுத்தது மில் கேட்டில் சங்கம் கட்டிய உழைப்பு என்றே நான் நினைக்கிறேன்.

திண்டுக்கல் பக்கம் டாக்டர் சௌந்தரம் அம்மா. டி.வி.எஸ். கம்பெனி குடும்பத்துப் பெண்தான். ஆனால் சின்ன வயதிலேயே விதவையானவர். அதற்குப் பிறகு டெல்லிக்குப் போய் டாக்டருக்குப் படித்தார், மறுமணம் செய்துகொண்டார், 1947இல் கணவரோடு காந்திகிராமத்தை ஆரம்பித்தார். கிராமத்துப் பெண்களுக்கு வைத்தியமும் படிப்பும் கொடுத்த பிறகுதான் 1952இல் எம்.எல்.ஏ. ஆனார். 1962இல் எம்.பி.யாகி மத்திய கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார்.

"இவங்க எல்லாம் பெரிய இடமாச்சே" என்பீர்கள். சரி, மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டிக்குப் போவோம். 2021இல் பத்மஸ்ரீ வாங்கிய பாப்பம்மாள் பாட்டியை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். சின்னப் பிள்ளையிலேயே அப்பா அம்மாவை இழந்து, பாட்டி வீட்டில் வளர்ந்தவர். மளிகைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் நடத்தினார். அந்தக் காசில் நிலம் வாங்கி விவசாயம் செய்தார். தேக்கம்பட்டி ஊராட்சி வார்டு உறுப்பினராகவும், 1960களில் காரமடை ஒன்றிய கவுன்சிலராகவும் இருந்தார். பெண்களுக்கு இடஒதுக்கீடு என்ற சட்டம் வருவதற்கு முப்பது வருஷம் முன்னால்! கடைக்கு வருகிறவர்கள் முகமும் கஷ்டமும் தெரிந்தவர் என்பதே அவருடைய பலமாக இருந்திருக்கும்.

வெளிநாட்டுக் கதையும் ஒன்று. அமெரிக்க நாடாளுமன்றத்தில் வக்கீல்கள் நிறையப் பேர். அங்கே பாட்டி மர்ரே என்று ஒரு அம்மா, நம்ம பால்வாடி மாதிரி சின்னக் குழந்தைகள் படிக்கும் பள்ளியில் டீச்சர். அரசாங்கம் அந்தத் திட்டத்துக்குப் பணத்தை வெட்டப் போனபோது, பெற்றோர்களைத் திரட்டிப் போராடி நிறுத்தினார். அதன் பிறகு உள்ளூர்ப் பள்ளி வாரியம், அடுத்து மாநில சபை, 1992இல் அமெரிக்க செனட். வார்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு படியாக ஏறியிருக்கிறார்.

இப்போது நம்ம காலத்துக்கு வருவோம். 1993இல் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 1996 உள்ளாட்சித் தேர்தலில் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. 2016இல் அதைப் பாதியாக உயர்த்திச் சட்டம் வந்தது. 2019 டிசம்பரில் நம்ம மாவட்டத்திலும் அந்த 50 சதவீதத்தில்தான் ஊராட்சித் தேர்தல் நடந்தது. கதவு திறந்தாச்சு. ஆனால் பல ஊரில் அம்மா பேரில் போஸ்டர், ஐயா கையில் நிர்வாகம். "தலைவர் எங்கே?" என்று கேட்டால் வீட்டுக்காரர் வந்து நிற்கிறார்.

ஏன் இப்படி? மேலே சொன்ன பெண்களுக்குப் பின்னால் ஒரு சங்கம், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு கடை, ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. மனிதர்களோடு பழகி, கணக்குப் பார்த்து, எதிர்த்துப் பேசிப் பழகிய இடம் அது. அப்படி ஒரு இடம் இல்லாமல் திடீரென்று நாற்காலியில் உட்கார வைத்தால் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும்.

நமக்கு அந்த இடம் இருக்கிறது. தறிக்குப் போகிறவரும், கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவரும், பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவரும் வாரா வாரம் ஒன்றாக உட்காருகிறோம். தீர்மானப் புத்தகம் எழுதுகிறோம், ரொக்கப் புத்தகம் பார்க்கிறோம். ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பேங்கில் பணம். ஊராட்சியிலும் அதேதான்: தலைவர், துணைத் தலைவர் இரண்டு பேரும் சேர்ந்து ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் எடுக்க முடியும். குழுவில் கணக்குக் கேட்கத் தெரிந்தவருக்கு கிராம சபையில் வரவு செலவு கேட்பது புது வித்தை இல்லை.

2019இல் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்துவிட்டது. அடுத்த தேர்தலுக்கு உங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டால், யார் பேரை எழுதுவது என்று வீட்டுத் திண்ணையில் ஆண்கள் முடிவு செய்வதற்கு முன்னால் நம்ம குழுவில் பேசி முடிவு செய்யுங்கள். நிற்கிறவருக்கு மற்ற எல்லாரும் துணை நில்லுங்கள். ஜெயித்த பிறகும் அவரைத் தனியாக விடாதீர்கள். கையெழுத்து அவருடையது என்றால், அதற்கு முன்னால் படித்துப் பார்க்கிற கண்ணும் அவருடையதாகவே இருக்கட்டும்.