கம்பிவழி வந்த அனுமதி

1874ஆம் ஆண்டில் நாவலப்பிட்டிக்குப் புகையிரதம் வந்தது. பேராதனையிலிருந்து பிரிந்து வந்த அந்தப் பாதை, மலையேறி 1885இல் நானு ஓயாவை எட்டியது. முன்னே கோப்பியும் பின்னே தேயிலையும் இறங்கிவந்த அச்சரிவிலே இருந்தது ஒற்றைப் பாதையே. ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் அதில் எதிர்ப்பட்டால் விளைவு யாதாகும்?

அதே 1874இல், இங்கிலாந்தின் நொரிச் நகருக்கு அருகே தோர்ப் என்னுமிடத்தில் அது நிகழ்ந்தது. தவறுதலாக அனுப்பப்பட்ட ஒரு தந்தி, இரு வண்டிகளை எதிரெதிரே ஓடவிட்டது. 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். செய்தி மட்டுமே காவலாகாது என்பதை உலகம் உணர்ந்தது. 1878இல் எட்வர்ட் டையர் என்பார் ‘டப்லெட்’ பொறியை அமைத்தார்.

இலங்கையின் மலைப்பாதைக்கும் அப்பொறி பின்னர் வந்தது. நாவலப்பிட்டி நிலைய அதிபர் அதிலுள்ள வட்ட வில்லையைத் தாமாக எடுத்துவிட இயலாது. மேலே அடுத்துள்ள நிலையத்தின் அதிபர் தம் பொறியின் விசையை அழுத்த வேண்டும். அப்போது மின்கலங்களின் நேரோட்டம் கம்பிவழியே வந்து, மின்காந்தத்தை இயக்கிப் பூட்டை விடுவிக்கும். ஒரு வில்லை வெளிவந்ததும் இரு பொறிகளும் பூட்டிக்கொள்ளும். அவ்வில்லை இரண்டில் ஒன்றினுள் திரும்பும்வரை மற்றொன்று வெளிவாராது. வில்லையைக் கையிற் பெறாத சாரதி வண்டியை நகர்த்தலாகாது.

வாய்ச்சொல் பிசகலாம், தந்தியும் பிசகலாம். ஆதலினாற்றான், இருவர் இசைந்தாலன்றித் திறவாத ஒரு பூட்டினிடம் மலையேறும் மக்களின் உயிர் ஒப்படைக்கப்பட்டது.