தோல்வியில் பிறந்த மார்ஷல் அட்டாக்

1918 அக்டோபர் 23, நியூயார்க். ரூய் லோபஸ் ஓப்பனிங்கில் எட்டாவது நகர்த்தலில், கறுப்பை ஆடிய ஃபிராங்க் மார்ஷல் தன் ராணிக்கு முன் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். மையத்தில் ஒரு சிப்பாயைத் தானமாகத் தருகிற துணிச்சலான நகர்த்தல். எதிரே உட்கார்ந்திருந்தவர் கபாபிளாங்கா. 1909-ல் இதே மார்ஷலை 8 வெற்றி, 14 டிரா, ஒரே ஒரு தோல்வி என்ற கணக்கில் நொறுக்கியவர்.

வீட்டிலேயே கடைந்தெடுத்து வந்த வித்தை இது என்று கபாபிளாங்காவுக்குப் புரிந்துவிட்டது. வேறு வழியில் விலகிப் போயிருக்கலாம். சவாலை ஏற்பதே மரியாதை என்று நினைத்து, சிப்பாயை வெட்டினார்.

அடுத்து வந்தது புயல். வெள்ளையின் ராணிப்பக்கக் காய்கள் இன்னும் வீட்டை விட்டு வரவில்லை. கறுப்பின் மந்திரியும் குதிரையும் ராணியும் வெள்ளை ராஜாவின் வாசலுக்கே வந்துவிட்டன. மார்ஷல் குதிரையை இரையாக நீட்டினார். கபாபிளாங்கா அதைத் தொடாமல் ராணியை முன்னே கொண்டுவந்தார். குதிரை மேலும் உள்ளே பாய்ந்து ஒரு சிப்பாயைத் தின்றது. ராணியால் அதை வெட்டியிருந்தால் ஆபத்து. அதனால் கபாபிளாங்கா யானையை ஒரு கட்டம் ஏற்றினார். செக் மேல் செக் வாங்கிக்கொண்டே ராஜா பலகையின் மறுபக்கத்துக்கு நடந்து தப்பியது. எதிராளி மாதக்கணக்கில் யோசித்து வந்திருக்கக்கூடிய சிக்கல்களுக்குப் பலகையின் முன்னாலேயே விடை கண்ட இந்தத் தற்காப்பை நான் எந்தத் தாக்குதலுக்கும் மேலாக வைப்பேன். 36-வது நகர்த்தலில் வெள்ளை வென்றது.

கபாபிளாங்காவுக்காகவே மார்ஷல் இந்த நகர்த்தலை ஒன்பது ஆண்டுகள் ஒளித்து வைத்திருந்தார் என்பார்கள். சுவையான கதை, ஆனால் நம்புவது கடினம். இந்தச் சிப்பாய் நகர்த்தல் 1893-லேயே ஹவானாவில் பலகையேறியது. அந்த ஊரில் பிறந்த கபாபிளாங்காவுக்கு அப்போது ஐந்து வயதுகூட நிரம்பியிருக்குமா என்பது சந்தேகம்.

ஆட்டம் தோற்றதே தவிர, யோசனை தோற்கவில்லை. கறுப்பின் 11-வது நகர்த்தலில் குதிரையைப் பின்வாங்காமல், சிப்பாய் ஒன்றால் அதற்கு முட்டுக்கொடுக்கும் வழியைப் பின்வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1965-ல் தாலுக்கு எதிராக ஸ்பாஸ்கி இதை நம்பி ஆடினார். காஸ்பரோவே வெள்ளையை ஆடும்போது எட்டாவது நகர்த்தலில் வேறு பாதை பிடித்து இதைத் தவிர்த்திருக்கிறார்.

2004-ல் பிரிசாகோவில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் எட்டாவது ஆட்டத்தில் லேக்கோ மார்ஷல் அட்டாக்கைக் கையில் எடுத்தார். இம்முறை வீட்டுத் தயாரிப்போடு வந்தவர் வெள்ளையை ஆடிய கிராம்னிக். கணினித் துணையோடு கொண்டுவந்த அந்த வரிசையில் இருந்த ஓட்டையை லேக்கோ பலகையிலேயே கண்டுபிடித்து, கறுப்பில் வென்றார்.