அலமோ முற்றுகைத் திரைப்படங்கள்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகரின் அலமோ வளாகத்தில் 1836 பிப்ரவரி 23 முதல் மார்ச் 6 வரை நடந்த முற்றுகையைச் சித்திரிக்கும் படங்கள். ஊமைப்பட காலத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டு வருபவை. வரலாற்றுக்கு உண்மையாக இருப்பதா, வீரத்தை உயர்த்திக் காட்டுவதா என்ற வாதம் இவை ஒவ்வொன்றின் மீதும் நடந்திருக்கிறது.

அலமோ 18ஆம் நூற்றாண்டில் ஸ்பானியப் பாதிரிமார் நிறுவிய மிஷன். பிறகு அது படை முகாமாயிற்று. அப்போது மெக்சிகோவின் பகுதியாக இருந்த டெக்சஸில் எழுந்த கிளர்ச்சியில் ஏறத்தாழ 200 பேர் இதற்குள் நின்றனர். அவர்களில் வில்லியம் டிராவிஸ் 26 வயது வழக்கறிஞர். ஜிம் போவி கத்திச் சண்டையால் பெயர் பெற்றவர். முற்றுகை தொடங்கியதுமே நோயில் விழுந்தார். டேவி குரோக்கெட் டென்னசியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். வெளியே மெக்சிகோ அதிபர் சாந்தா அன்னாவின் படை பல மடங்கு பெரிது. 13ஆம் நாள் விடியுமுன் தொடங்கிய தாக்குதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்தது. ஆயுதம் ஏந்தியவர்களில் அநேகமாக ஒருவரும் மிஞ்சவில்லை. ஏப்ரல் 21 அன்று சான் ஹசின்டோவில் கிளர்ச்சியாளர்களின் தளபதி சாம் ஹூஸ்டனின் படை சாந்தா அன்னாவைத் தோற்கடித்து, மறுநாள் சிறைபிடித்தது. அந்தச் சண்டை 18 நிமிடம்தான் நீடித்தது.

உள்ளே நடந்ததைச் சொல்ல உயிர் பிழைத்தவர்கள் சில பெண்கள், குழந்தைகள், டிராவிஸின் அடிமையான ஜோ. மற்றச் சான்றுகள் மெக்சிகப் படையினர் எழுதியவை. சான்று இவ்வளவு குறைவாக இருக்கும் நிகழ்வில் திரைக்கதைக்குத் தாராளமான இடம் கிடைத்தது.

பிரெஞ்சுத் திரை முன்னோடி ஜார்ஜ் மெலியேயின் அண்ணன் காஸ்தோன் மெலியே 1911இல் சான் அன்டோனியோவிலேயே எடுத்த ‘அழியாத அலமோ’ இன்று தொலைந்துவிட்டது. எஞ்சியிருப்பவற்றில் மூத்தது 1915இல் வந்த ‘அலமோவின் தியாகிகள்’. டி. டபிள்யூ. கிரிஃபித்தின் மேற்பார்வையில் கிறிஸ்டி கபான் இயக்கியது. கிரிஃபித்தின் ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ வந்த அதே ஆண்டு. அதன் இனவெறி இதிலும் உண்டு. மெக்சிகர்கள் வெள்ளைப் பெண்களைத் தொல்லை செய்யும் கும்பலாக வருகிறார்கள், சாந்தா அன்னா போதைக்கு அடிமையானவராக வருகிறார். கிளர்ச்சிக்கு இருந்த அரசியல் காரணங்கள் மறைந்து, மானம் காக்க எழுந்த போராட்டமாகக் கதை மாறிவிட்டது. பின்னால் வந்த படங்கள் இந்த அப்பட்டமான வெறுப்பைக் குறைத்தன. ஆனால் யார் பக்கம் நின்று கதை சொல்வது என்பது அங்கேயே தீர்மானமாகிவிட்டது.

மறைக்கப்பட்ட காரணங்களில் முதன்மையானது அடிமை முறை. மெக்சிகோ 1829இல் அடிமை முறையை ஒழித்தது. டெக்சஸுக்கு விலக்குக் கிடைத்தாலும் அங்கு குடியேறிய பருத்திப் பண்ணைக்காரர்களுக்கு அச்சம் நீங்கவில்லை. சாந்தா அன்னா மாகாண உரிமைகளைப் பறித்து அதிகாரத்தை மையத்தில் குவித்ததும் கிளர்ச்சிக்கு உண்மையான காரணமே. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு. புதிய டெக்சஸ் குடியரசு 1836இல் இயற்றிய அரசியல் சட்டம் அடிமை முறைக்கு வெளிப்படையாகவே பாதுகாப்பு அளித்தது.

அலமோவை வீட்டு வரவேற்பறைக்குள் கொண்டுவந்தது டிஸ்னி. ஃபெஸ் பார்க்கர் குரோக்கெட்டாக நடித்த தொலைக்காட்சித் தொடரின் அலமோ பகுதி 1955 பிப்ரவரி 23 அன்று ஒளிபரப்பானது. அவ்வாண்டே தொடர் திரைப்படமாகவும் வெட்டித் தொகுக்கப்பட்டது. ரக்கூன் தோல் தொப்பிக்காகக் குழந்தைகள் அடம்பிடித்த ஆண்டு அது. டிராவிஸ் வாளால் மண்ணில் கோடு கிழித்து, உடன் சாகத் துணிந்தவர்கள் தாண்டி வரலாம் என்று சொல்லும் காட்சி இதில் உண்டு. அந்தக் கதை அச்சில் வந்தது 1873இல், முற்றுகை நடந்து 37 ஆண்டுகளுக்குப் பிறகு. தப்பி வந்த ஒருவர் தன் பெற்றோரிடம் சொன்னதாக வில்லியம் ஜூபர் என்பவர் எழுதியது அது. கடைசிக் காட்சியில் குண்டு தீர்ந்த துப்பாக்கியைக் கதாயுதம்போலச் சுழற்றிக்கொண்டு நிற்கிறார் குரோக்கெட். அவர் விழுவதைப் படம் காட்டவில்லை. பாடகர் ஃபில் காலின்ஸ் இந்தத் தொடரைச் சிறுவயதில் பார்த்து ஈர்க்கப்பட்டு, பின்னாளில் அலமோ தொடர்பான பொருட்களைச் சேகரித்து 2014இல் டெக்சஸுக்கே கொடுத்தார். ஒரு சிறுவர் தொடரின் தாக்கம் எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஜான் வேய்ன் இயக்கி, தயாரித்து, குரோக்கெட்டாகவும் நடித்த 1960ஆம் ஆண்டின் ‘தி அலமோ’தான் இந்த வரிசையில் அதிகம் பேசப்படுவது. பிராக்கெட்வில் அருகே ஒரு பண்ணையில், பச்சைச் செங்கல் கொண்டு வளாகத்தையே கட்டி எழுப்பினார்கள். வேய்ன் தன் சொந்தப் பணத்தையும் அதில் கொட்டினார். ஏழு ஆஸ்கர் பரிந்துரைகளில் ஒலிக்கான விருது மட்டும் கிடைத்தது. அவருடைய உழைப்பிலும் நம்பிக்கையிலும் குறை காண முடியாது. வரலாற்றைக் கையாண்ட விதத்தில் காணலாம். மனைவி காலராவில் இறந்த செய்தி முற்றுகை நடக்கும்போது போவிக்கு வருகிறது. அந்தப் பெண் இறந்தது 1833இல். இருட்டில் நடந்த இறுதித் தாக்குதல் பட்டப்பகலில் நடக்கிறது. குரோக்கெட் சாகும் தறுவாயில் வெடிமருந்துக் கிடங்கைக் கொளுத்துகிறார். வரலாற்று ஆலோசகர்களாக இருந்த டெக்சஸ் எழுத்தாளர்கள் ஃபிராங்க் டோபியும் லான் டிங்கிலும் தங்கள் பெயரைப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னார்கள்.

தேதியும் வெளிச்சமும் மாறியதை மன்னித்துவிடலாம். பகலில் எடுத்தால்தான் ஆயிரக்கணக்கானோர் மோதுவது திரையில் தெரியும். மன்னிக்கக் கடினமானது போவியின் அடிமை பற்றிய காட்சி. போவி அந்த முதியவருக்கு விடுதலை தருகிறார். அவரோ போக மறுத்து, கடைசியில் எசமானின் உடல்மேல் விழுந்து அவருக்காகச் சாகிறார். உண்மையில் அலமோவிலிருந்து உயிரோடு வந்த ஜோவை டிராவிஸின் சொத்தாகவே கணக்கிட்டார்கள். குரோக்கெட்டின் உடலைச் சுற்றிக் கிடந்த பிணங்களைப் பற்றி அதிகாரிகளுக்கு விவரித்த முதன்மைச் சாட்சி அவர். சாட்சி சொன்ன பிறகும் அவருக்கு விடுதலை இல்லை. 1837 ஏப்ரல் 21 அன்று, சான் ஹசின்டோ வெற்றியின் முதல் ஆண்டு நாளில், அவர் தப்பி ஓடினார். பிடித்துக் கொடுப்பவருக்குப் பரிசு என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. சுதந்திரத்துக்கான போர் என்று பேசும் படம் இந்த மனிதரை விட்டுவிட்டு, விசுவாசமான அடிமை ஒருவரைக் கற்பனை செய்துகொண்டது.

அடுத்த பெரும் சர்ச்சை குரோக்கெட்டின் சாவு. மெக்சிகப் படை அதிகாரி ஹோசே என்ரிக்கே தே லா பேன்யாவின் குறிப்புகள் 1955இல் மெக்சிகோவில் அச்சாயின. கார்மென் பெரியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1975இல் வந்தது. சண்டை ஓய்ந்தபின் பிடிபட்ட சிலரில் குரோக்கெட்டும் ஒருவர், சாந்தா அன்னாவின் ஆணையால் அவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள் என்கிறது அது. இதை ஆதரித்து 1978இல் சிறு நூல் எழுதிய டான் கில்கோர் மீது வசை பொழிந்தது. கையெழுத்துப் படியே போலி என்றார்கள். 1998இல் அது 3,87,500 டாலருக்கு ஏலம் போய், டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. காகிதம் அந்தக் காலத்துடையதுதான் என்று அங்கு நடந்த சோதனை காட்டியது. பேன்யா சொன்னது முழுதும் உண்மையா என்பதைக் காகிதம் சொல்லாது. அந்த விவாதம் தொடர்கிறது.

பிடிபட்டுச் செத்தால் வீரம் குறைந்துவிடும் என்ற எண்ணத்தை வளர்த்தது பெரும்பாலும் சினிமாவே. கடைசி நிமிடத்தின் வாள்வீச்சை வைத்து அது வீரத்தை அளந்தது. ஆவணங்கள் காட்டும் துணிவு முந்தைய நாட்களில் இருக்கிறது. முற்றுகை ஓட்டையில்லாத வளையமாக இருக்கவில்லை; தூதர்கள் வெளியே போய்வந்தார்கள். கொன்சாலஸ் ஊரிலிருந்து 32 பேர் மார்ச் 1ஆம் தேதி எதிரிகளின் ஊடாக உள்ளே வந்து சேர்ந்தார்கள். உதவி கேட்டுப் போன ஜேம்ஸ் பானம் மார்ச் 3 அன்று குதிரையில் திரும்பி வந்தார். கிரகோரியோ எஸ்பார்சா மனைவி மக்களோடு உள்ளே இருந்தார்; அவருடைய சகோதரர் மெக்சிகப் படையைச் சேர்ந்தவர். மற்ற உடல்களெல்லாம் எரிக்கப்பட, அந்தச் சகோதரர் கேட்டு வாங்கியதால் எஸ்பார்சா மட்டும் அடக்கம் செய்யப்பட்டார். இவற்றுக்கு மிகை எதுவும் சேர்க்கத் தேவையில்லை.

எஸ்பார்சாவைப் போல டெக்சஸில் பிறந்து வளர்ந்த மெக்சிகர்களைத் தெஹானோக்கள் என்பார்கள். அவர்களின் தலைவர் ஹுவான் செகினைப் பழைய படங்கள் ஓரத்தில் நிறுத்தின. 1982இல் ஹெசுஸ் சல்வதோர் திரெவின்யோ பொதுத் தொலைக்காட்சிக்காக ‘செகின்’ என்ற படத்தை எடுத்து அவரை நடுவில் வைத்தார். அலமோவிலிருந்து தூதராக வெளியேறி, சான் ஹசின்டோவில் போரிட்டு, சான் அன்டோனியோவின் மேயரான அவர், 1842இல் அந்த ஊரைவிட்டே மெக்சிகோவுக்கு ஓட நேர்ந்தது. 1987இல் வந்த ‘13 நாள் புகழ்’ தொலைக்காட்சிப் படத்தில் ராவுல் ஹூலியாவின் சாந்தா அன்னா பார்க்கத் தக்கவர். ஆனால் 49 வயதில் இறந்த குரோக்கெட்டாக 65 வயது பிரையன் கீத் நடித்தார்.

டெக்சஸில் பிறந்த ஜான் லீ ஹேன்காக் இயக்கிய 2004ஆம் ஆண்டுப் படமே வரலாற்றுக்கு மிக அருகில் வந்தது. இன்று உலகமே அறிந்த, தேவாலய முகப்பின் உச்சியிலுள்ள வளைவு, 1850இல் அமெரிக்க ராணுவம் கட்டியது. பல படங்கள் அதை 1836இலேயே காட்டின, இது காட்டவில்லை. மண்ணில் கோடு இல்லை. தாக்குதல் இருட்டில் நடக்கிறது. ஜோவும் போவியின் அடிமை சாமும், இந்தச் சண்டையில் தங்களுக்கு என்ன இருக்கிறது என்று தனியே பேசிக்கொள்கிறார்கள். பில்லி பாப் தார்ன்டனின் குரோக்கெட், தான் வெறும் டேவிட்டாக இருந்தால் இரவோடிரவாகச் சுவரேறிப் போயிருக்கலாம், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும் டேவி குரோக்கெட் என்ற ஆள் போக முடியாது என்கிறார். வாழும்போதே நாடகப் பாத்திரமாகிவிட்டவர் அவர்; அவரை மனத்தில் வைத்து எழுதிய ‘மேற்கின் சிங்கம்’ 1831இல் மேடையேறியது. அந்தப் புகழின் பாரத்தைப் புரிந்துகொண்டு எழுதிய வசனம் அது. பேன்யா சொன்னபடியே, பிடிபட்டு மண்டியிட்ட நிலையில் அவர் கொல்லப்படுகிறார். அப்போதும் சாந்தா அன்னாவைச் சீண்டிவிட்டே சாகிறார். இந்த வரிசையில் எந்த வேய்னும் பார்க்கரும் இவ்வளவு துணிச்சலாகத் தோன்றவில்லை.

10 கோடி டாலருக்கு மேல் செலவான படம் உலகெங்கும் சேர்த்து அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட வசூலிக்கவில்லை. அதன்பின் ஹாலிவுட் அலமோவுக்காக அவ்வளவு பெரிய செலவில் இறங்கவில்லை. சர்ச்சை மட்டும் திரையைவிட்டு நூலுக்கும் அருங்காட்சியகத்துக்கும் இடம் மாறியது. முற்றுகையில் அடிமை முறையின் பங்கைப் பேசி, காலின்ஸ் சேகரிப்பின் நம்பகத்தன்மையையும் கேள்விக்குள்ளாக்கிய ‘அலமோவை மறந்துவிடு’ என்ற நூல் 2021இல் வெளிவந்தது. டெக்சஸ் மாநில வரலாற்று அருங்காட்சியகத்தில் அதைப் பற்றி நடக்கவிருந்த கூட்டம், துணை ஆளுநர் டான் பாட்ரிக்கின் தலையீட்டால் ரத்தானது.