பழைய இரும்பும் பேரீச்சம்பழமும்: மிதிவண்டியின் பின்பாதி வரலாறு

தமிழ்ச் சூழலில் மிதிவண்டியின் வரலாறு பெரும்பாலும் அதன் வருகையின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1949-இல் நிறுவப்பட்ட அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸும், 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தின்வழி சைக்கிள் பழகிய பெண்களும் நன்கு பதிவாகியுள்ளனர். ஓடித் தேய்ந்த வண்டி எங்கே போயிற்று என்ற வினா அதே அளவுக்குக் கவனம் பெறவில்லை.

இதற்கு அரசு ஆவணங்கள் அதிகம் உதவா. சென்னை மாகாணத்து உள்ளாட்சி அமைப்புகள் மிதிவண்டிக்கு ஆண்டு வரி பெற்று உலோக வில்லை வழங்கின. திருப்பதி–புத்தூர் சாலையிலுள்ள வடமாலபேட்டையும் 1953 வரை அந்நிர்வாகத்தின்கீழ் இருந்த ஊரே. வில்லை, வண்டி ஓடிய ஆண்டைச் சொல்லும். மறு ஆண்டு அது புதுப்பிக்கப்படாவிடில், வண்டி உடைக்கப்பட்டதா, கைமாறியதா, வரிக்கு அஞ்சி ஒளிக்கப்பட்டதா என்பதைச் சொல்லாது. மோட்டார் வாகனங்களைக் கழித்துக்கட்ட 2021-இல் விதிகள் வந்தன; மோட்டார் இல்லாததால் மிதிவண்டி அவற்றுள் அடங்கவில்லை.

ஆவணம் விட்டதை வழக்குச்சொல் பிடித்துவைத்திருக்கிறது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தந்த தெரு வணிகம், பேச்சுவழக்கில் இன்று கேலித்தொடராக எஞ்சியுள்ளது. ‘காயலான் கடை’ என்பதைக் காயல்பட்டினத்து வணிகரோடு இணைப்பது பரவலான விளக்கம். மதுரையான், கீழ்க்கரையான் போன்ற சொல்லமைப்பு அதற்கு இடந்தருகிறது. அமைப்பு ஒத்திருப்பது மட்டுமே சான்றாகிவிடாது என்பது என் கருத்து. எவ்வாறாயினும், இவ்விரு வழக்குகளிலும் பழைய வண்டி குப்பையன்று, பண்டம்.

அக்கடைக்குச் செல்லுமுன்பே வண்டி பாதி கரைந்திருக்கும். பெடலும் செயினும் பிரீவீலும் வேறொரு வண்டிக்குப் போகும். ட்யூப், கேரியரில் மூட்டை கட்டும் வாராகும். ரிம், சிறுவர் குச்சியால் தட்டி ஓட்டும் சக்கரமாகும். சில சட்டங்கள் சாணை பிடிப்பவரின் மிதி இயந்திரமாக மறுபிறவி எடுத்தன. மிஞ்சிய இரும்பு எடைக்குப் போய் உலையில் உருகும்.

இச்சங்கிலியில் அறுந்த கண்ணி டயர். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரை இரும்பைப்போல் உருக்கி மீண்டும் வார்க்க இயலாது. ஆகவே அது போகித் தீயில் விழுந்தது. எரியும் டயரின் நச்சுப் புகையைத் தவிர்க்கும்படி தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டுவது இதனாலேயே. மரபு வழி மறுபயன்பாட்டை மாசற்றதெனப் போற்றுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இன்று சிக்கலின் அளவு வேறு. தமிழ்நாட்டில் விலையில்லா மிதிவண்டித் திட்டம் உண்டு. ஆந்திரத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு ‘படிகொஸ்தா’ (பள்ளிக்கு வருவேன் என்பது பொருள்) என்னும் பெயரில் வண்டிகள் வழங்கப்பட்டன. கல்வி வரலாற்றில் இவற்றின் இடம் பெரிது. ஆனால் ஒரே ஆண்டில் ஒரே பள்ளிக்கு வந்த வண்டிகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் தேய்ந்துபோகும். அவற்றைப் பிரித்துப் பயன்கொள்ளத் தெரிந்த சைக்கிள் கடைகளோ அருகி வருகின்றன. வழங்கும்போதே திரும்பப் பெறும் வழியையும், குறைந்தது டயருக்கேனும், வகுத்திருக்கலாம்.

வடமாலபேட்டை, புத்தூர், திருத்தணிப் பகுதிகளின் பழைய வரி வில்லைகளோ, சைக்கிள் கடைக் கணக்கேடுகளோ எவரிடமேனும் இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன். கடைக்காரர்கள் உதிரிப்பாகங்களுக்கு வழங்கிய தமிழ், தெலுங்குப் பெயர்களைத் தொகுத்து வருகிறேன்.